பிரிந்து வாழும் வேற்றுக்கோள் இனங்கள்: 400 ஆண்டுகள் போதுமா?

கேள்வி: என் அறிபுனைத் தொடர்கதையில் வேற்றுக்கோள் இனம் ஒன்று இரண்டு கோள்களில் குடியேறுகிறது. இடையே வணிகக் கப்பல்கள் ஓடுகின்றன. 400 ஆண்டுகளில் இருதரப்பாரும் ஒருவரோடொருவர் கலந்து பிள்ளை பெற முடியாத தனித்தனி இனங்களாகிவிடுகிறார்கள். இது நம்பும்படி இருக்குமா? – வாசகர், கடலூர்

பதில்: இப்போதுள்ள அமைப்பில் நம்புவது கடினம், ஆனால் கதையைக் கலைக்காமலே சரிசெய்யலாம். உயிரினப் பிரிவைத் தலைமுறைக் கணக்கில்தான் அளக்க வேண்டும். உங்கள் மாந்தர் நம்மைப் போல 25 வயதையொட்டிப் பிள்ளை பெறுபவர்களானால், 400 ஆண்டுகளில் கடந்திருப்பவை 16 தலைமுறைகளே. அதற்குள் உயரமும் நிறமும் ஓரளவு மாறலாமே தவிர, கருத்தரிப்பே தடைபடும் அளவுக்கு மரபணுக்கள் விலகிவிடா.

நீண்ட காலம் பிரிந்திருந்தும் கலக்கும் திறன் மறையாமல் இருப்பதற்குச் சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தின் உப்பங்கழிகளில் ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா முக்ரோனாட்டா என்னும் இருவகைச் சுரபுன்னைகள் வளர்கின்றன. அவை தனித்தனி இனங்கள்தாம். ஆயினும் அவ்விரண்டும் இயற்கையாகக் கலந்து உருவான ரைசோபோரா அண்ணாமலையானா அங்கேயே கண்டறியப்பட்டது.

ஆகவே மலட்டுத்தன்மையை விட்டுவிட்டு, துணை தேடும் முறையில் பிரிவைத் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான சிக்லிட் மீனினங்கள் பெருகின. அவற்றுள் பலவற்றில் பெண் மீன் ஆணின் நிறத்தைப் பார்த்தே துணையைத் தேர்கிறது. ஏரி நீர் கலங்கி நிறம் தெரியாமல் போன இடங்களில் நெருங்கிய இனங்கள் மறுபடியும் கலந்துவிட்டன. உங்கள் கோள்களில் ஒன்று செவ்வொளி விண்மீனைச் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அங்குள்ளோர் நிறத்தைக் கைவிட்டுக் குரலாலோ மணத்தாலோ துணையை அறியத் தொடங்கியிருக்கலாம். பிள்ளை பிறக்க வழியிருந்தும் ஒருவர்க்கொருவர் ஈர்ப்பே தோன்றாத இந்த நிலை கதைக்கும் வளமானது என்று கருதுகிறேன்.

முழுப் பிரிவுதான் வேண்டுமெனில் காலத்தை லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு நீட்டுங்கள். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் எழுந்து கடலை இரண்டாக்கியபோது, கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்கள் இருபுறமும் பிரிந்தன. இன்றும் அவை பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் இருபுறத்து ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால், இணைவதைவிடச் சண்டையிடுவதே மிகுதி. ஆழத்தில் வாழ்ந்தவை முதலிலும், அலையாத்திக் காட்டின் ஆழமற்ற நீரில் வாழ்ந்தவை கடைசியிலும் பிரிந்தன என்பதையும் கவனியுங்கள். உங்கள் கோள்களிலும் எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் பிரிய வேண்டியதில்லை.

உடலமைப்பில் கை கால்களின் எண்ணிக்கையை மாற்றாதீர்கள். பொது மூதாதையரிடமிருந்து வந்த அடிப்படை அமைப்பு எளிதில் மாறாது. அளவு, கண், தோல், குரல் ஆகியவற்றை மாற்றுவதே பொருத்தம்.

வணிகக் கப்பல்கள்தாம் பெரிய சிக்கல். தலைமுறைக்கு ஓரிருவர் மறு கோளில் மணம் முடித்துப் பிள்ளை பெற்றாலே, தற்செயலாகச் சேரும் மரபு வேறுபாடுகள் கரைந்துபோகும். சரக்கு மட்டும் ஆளில்லாக் கலங்களில் வருவதாக மாற்றிவிட்டால், வணிகமும் நிற்காது, பிரிவும் தடைபடாது.