எழுதப்படாத சனிக்கிழமைப் பக்கம்: மதுவும் எடைக் குறைப்பும் – கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில், எடையைக் குறைக்க முயலும்போது மது அருந்துவதைப் பற்றிய கேள்விகளே அதிகம். மருத்துவரிடம் நேரில் கேட்கக் கூச்சப்படும் ஒரு செய்தியை மறைக்காமல் எழுதிக் கேட்டவர்களுக்கு என் நன்றி. நானும் மறைக்காமலே பதில் சொல்கிறேன். கீழே கலோரி என்று நான் குறிப்பிடுவது, உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடப்படும் அளவையே.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். வயது 38, எடை 86 கிலோ. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி என்று மூன்று மாதமாகக் கட்டுப்பாட்டோடு இருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு ஒரு குவார்ட்டர். ஒரு கிலோகூடக் குறையவில்லை. வாரத்தில் ஒரு நாள் இவ்வளவு கெடுக்குமா? – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் புட்டிகளில் பெரும்பாலும் சாராயச்சத்து (ஆல்கஹால்) கொள்ளளவில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் இருக்கும் சாராயச்சத்து மட்டும் ஏறத்தாழ 61 கிராம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. சாராயச்சத்து தருவது 7 கலோரி. ஆகவே தண்ணீர் மட்டும் கலந்து குடித்தாலும் ஒரு குவார்ட்டருக்கு 425 கலோரி சேர்ந்துவிடுகிறது. அது ஏழு இட்லிக்குச் சமம்.

ஏழு இட்லியை யாராவது சாப்பிட்டால் அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குவார்ட்டரை நாம் சாப்பாடாக நினைப்பதே இல்லை என்பதால் அது கணக்கில் வருவதில்லை. உங்களைப் போலவே கட்டுப்பாடான ஒருவர், நான் கேட்டுக்கொண்டபடி ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை சட்னி எத்தனை கரண்டி என்பதுகூட இருந்தது. சனிக்கிழமைப் பக்கங்களில் மட்டும் மேலே தேதி போட்டு, மதியச் சாப்பாட்டோடு நிறுத்தி, கீழே கோடு கிழித்திருந்தார். அவர் பொய் எழுதவில்லை. மாலைக்குப் பிறகு நடந்தது சாப்பாட்டுக் கணக்கு அல்ல என்று உண்மையாகவே நம்பியிருந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினோம்: குவார்ட்டர் 425, கலந்துகொண்ட 250 மில்லி கோலா 105, நூறு கிராம் வறுத்த வேர்க்கடலை 570, வீடு திரும்பும் வழியில் வாங்கிய அரை பிளேட் பிரியாணிக்குக் குறைத்துப் போட்டாலும் 400. மொத்தம் 1,500. வாரத்தில் ஐந்து நாள் தினமும் 300 கலோரி குறைத்து அவர் மிச்சம் பிடித்ததும் அதே 1,500தான்.

கலோரியோடு இது முடிவதில்லை. உடலுக்குச் சாராயச்சத்தைச் சேமித்து வைக்க இடம் கிடையாது. அது ஒரு நஞ்சு என்பதால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒத்திப்போட்டு அதை முதலில் எரித்து வெளியேற்றப் பார்க்கிறது. சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதனால் முடியும். ஆகவே இரவு ஒன்பது மணிக்குக் குடித்த குவார்ட்டர் தீர அதிகாலையோ, சிலருக்கு விடிந்த பிறகோ ஆகிறது. அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை மிகவும் மந்தமாகிவிடுவதால், அன்று உடன் சாப்பிட்ட எண்ணெய்ப் பண்டத்தின் கொழுப்பு எரிவதற்குப் பதிலாகத் தங்குகிறது. அது அதிகமாகத் தங்குமிடம் வயிறும் கல்லீரலும். எடை இயந்திரத்தைவிட உங்கள் இடுப்பு அளவை நான் அறிய விரும்புகிறேன். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் நினைக்கும் அளவையும் சோதித்துப் பாருங்கள். "அறுபது மில்லிதான் ஊற்றுவேன்" என்று சொல்பவரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, வழக்கம்போல் தண்ணீரை ஊற்றச் சொல்லி, பிறகு இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியால் அளந்து காட்டுவேன். எண்பது, தொண்ணூறு என்று வரும்போது அவர் முகத்தில் தெரியும் திகைப்பு உண்மையானது.

எட்டு வாரம் முழுவதுமாக நிறுத்திப் பார்க்கும்படிதான் உங்களுக்குச் சொல்வேன். உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவில் ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. இன்னும் அந்த முடிவுக்கு வர முடியவில்லை என்றால், பாதியாக, அதாவது ஒரு கட்டிங்கோடு நிறுத்துங்கள். தண்ணீரோ வெறும் சோடாவோ கலந்துகொள்ளுங்கள். வீட்டில் இரவு உணவை முடித்துவிட்டுப் போங்கள். சைடு டிஷ்ஷாகச் சுண்டலும் வெள்ளரியும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமைப் பக்கத்தை எழுதுங்கள்.

கேள்வி: பெங்களூரில் பணிபுரியும் வேலூர்ப் பெண் நான். வோட்காவிலும் ஒயினிலும் சர்க்கரை குறைவு என்பதால் எடை கூடாது என்கிறார்களே? – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: வோட்காவில் சர்க்கரை இல்லை என்பது உண்மை, அதன் கலோரி சர்க்கரையிலிருந்து வருவதும் இல்லை. சாராயச்சத்து எந்த நிறப் புட்டியிலிருந்து வந்தாலும் கிராமுக்கு 7 கலோரிதான். 150 மில்லி ஒயினில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது ஆண்களைவிட அதிகமாக இரத்தத்தில் ஏறும். மிதமாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பதை எடையைவிடப் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலூர் வெயிலுக்குப் பீர் குடித்தால் சூடு தணியும், சிறுநீரகக் கல்லும் கரையும் என்று குடிக்கிறேன். தொப்பை மட்டும் கூடுகிறது. – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும்போது குளிர்ந்த எதைக் குடித்தாலும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால், சிறுநீர் கூடுதலாகப் பிரிந்து, ஏற்கெனவே வியர்வையில் நீரை இழந்த உடல் மேலும் வறண்டுபோகிறது. மறுநாள் காலை எடை இயந்திரத்தில் முக்கால் கிலோ குறைந்திருப்பதைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு. போனது நீர் மட்டுமே, மாலைக்குள் திரும்பிவிடும்.

பீர் கல்லைக் கரைப்பதில்லை. யூரிக் அமிலத்தை அது கூட்டுவதால் ஒரு வகைக் கல்லுக்கு அதுவே துணைபோகிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 350 கலோரி அளவுக்கு இருக்கும்; இரண்டு புட்டி என்றால் ஒரு முழு வேளைச் சாப்பாடு. மோரும் தண்ணீரும் நுங்கும் கிடைக்கும் ஊரில் சூட்டுக்குப் பீரைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: வயது 52. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சாப்பிடுகிறேன். எடை கூடக்கூடாது என்பதற்காகக் குடிக்கும் நாட்களில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிடுகிறேன். இது சரியான வழிதானே? – ஆம்பூர் வாசகர்

பதில்: இல்லை. தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள். இம்முறை வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

நாம் சாப்பிடாமல் தூங்கும்போது இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமல் காப்பது கல்லீரல். அது தானே புதிதாகச் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. மது அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. கிளிமிப்பிரைடு, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிறும் காலி. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால், நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். இவை எல்லாமே போதையின் அடையாளங்களாகவும் இருப்பதாலும், வாயில் மது வாடை வீசுவதாலும், வீட்டில் இருப்பவர்கள் "குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி விடிந்தபின் கொண்டுவரப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மெட்ஃபார்மினோடு அளவுக்கு மீறிய மது சேரும்போது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயமும் உண்டு. நீங்கள் குடிப்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எல்லையைத் தாண்டிப் போய்க் கள் குடிக்கிறோம். இயற்கையானது என்பதால் எடைக்குக் கெடுதல் இல்லையே? – குடியாத்தம் வாசகர்

பதில்: மரத்திலிருந்து இறக்கும் இனிப்புச் சாற்றில் இருந்த சர்க்கரைதான் புளித்துச் சாராயச்சத்தாக மாறிக் கள்ளாகிறது, இரண்டும் கலோரியே. புட்டிச் சாராயத்தைவிடச் செறிவு குறைவு என்பது உண்மை, ஆனால் அதை யாரும் அறுபது மில்லி அளந்து குடிப்பதில்லை.

கேள்வி: ஐயப்பனுக்கு மாலை போடும் 48 நாளும் குடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ குறைகிறது. மாலையைக் கழற்றிய இரண்டு மாதத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. மற்ற நாட்களில் வாரத்துக்கு நான்கு நாள் ஒரு குவார்ட்டர் குடிப்பேன். – காட்பாடி வாசகர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. 48 நாளில் நீங்கள் குடிக்காமல் விட்டது சுமார் 27 குவார்ட்டர். கலோரியில் ஏறத்தாழ 11,500. ஒரு கிலோ உடல் கொழுப்பு 7,700 கலோரிக்குச் சமம் என்று வைத்தால், மதுவை நிறுத்தியதால் மட்டும் குறைந்தது ஒன்றரைக் கிலோ. மீதி எங்கிருந்து வந்தது? சில்லி சிக்கனும் வறுவலும் இல்லை, இரவு பத்தரை மணிப் பரோட்டா இல்லை, விடியற்காலையில் எழுந்து குளிக்கும் பழக்கத்தால் நேரத்தோடு தூக்கம், நெற்றியில் விபூதியோடு மதுக்கடை வாசலில் நிற்க மனம் வராத கட்டுப்பாடு. குடி போனபோது அதைச் சுற்றியிருந்த எல்லாமே போயிற்று.

மாலையைக் கழற்றும் நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப அழைக்காதீர்கள். குளியலையும், இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களைக் கோட்டை அகழியோரம் நடக்கும்போது சந்தியுங்கள். ஒரு குவார்ட்டரை நடந்தே எரிக்க ஒன்றரை மணி நேரத்துக்குமேல் வேகநடை வேண்டும் என்பதால், குடித்துவிட்டு நடப்பது ஈடாகாது. குடிக்கும் நேரத்தில் நடப்பது ஈடாகும்.

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகளாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததால், எடையைக் குறைக்க நாளை முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறது. வீட்டில் என்ன சமைத்துக் கொடுக்கலாம்? – வாணியம்பாடி வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகிழ்ச்சியில் நானும் பங்குகொள்கிறேன், அவருடைய முடிவு சரியானது. ஆனால் சமையலுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இவ்வளவு காலம் தினமும் இந்த அளவு குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் கை நடுக்கமும் வலிப்பும், அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் இல்லாதது தோன்றுவதும் வரலாம்; இது உயிருக்கே ஆபத்தாகக்கூடும். மருந்தின் துணையோடு நிறுத்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். நிறுத்துவதற்கு முன்பே அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலூருக்கு வர முடிந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். தயமின் என்னும் பி1 வைட்டமினையும் அங்கே கொடுப்பார்கள். நாட்பட்ட குடியில் அது குறைந்துபோய் மூளையைப் பாதிக்கும்.

முதல் சில வாரங்கள் அவருக்கு இனிப்பின் மேல் ஆசை அதிகமாகலாம். அப்போது எடையைப் பற்றிப் பேசாதீர்கள். இட்லி, பருப்பு, முட்டை, கீரை, மோர் என்று மூன்று வேளையும் தவறாமல் கொடுங்கள். பட்டினி போட வேண்டாம். கல்லீரலில் வெறும் கொழுப்பு மட்டுமே படிந்திருந்தால், மதுவை விட்ட சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் மறுபடி எடுத்து, முடிவை எனக்கு எழுதுங்கள்.