கறுத்த பிளக், வெளுத்த பிளக்: கார்புரேட்டர் கேள்விகளும் பதில்களும்

பைக்கின் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ரிச் என்றால் காற்றின் அளவுக்குப் பெட்ரோல் அதிகம். லீன் என்றால் குறைவு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். தகராறு எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

அண்ணா, ஸ்பார்க் பிளக் கரி பிடித்துப் போகிறது, மைலேஜும் விழுந்துவிட்டது. மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும்?

கலவையைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஸ்க்ரூவில் இப்போதே கை வைக்காதீர்கள். பிளக் முனையை விரலால் தேய்த்துப் பாருங்கள். அடுப்புக்கரி போல உலர்ந்து ஒட்டினால் ரிச். பிசுபிசுவென்று எண்ணெயாக வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. கார்புரேட்டர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. உலர்ந்த கரிதான் என்றால் முதலில் ஏர் ஃபில்டர். அப்புறம் சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையை ரிச் ஆக்குவது) முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். கேபிள் பாதியில் சிக்கி நிற்பது அடிக்கடி நடக்கும். இரண்டும் சரி என்றால்தான் ஃப்ளோட் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை) மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐட்லிங் இறங்க நேரமாகிறது. இறக்கத்தில் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஐட்லிங் ஏறினால் கேபிள் இறுக்கம், வேலை முடிந்தது. ஏறவில்லை என்றால் லீன், அதிலும் பெரும்பாலும் எங்கோ காற்று புகுகிறது.

என் வண்டியிலேயே இதற்கு மூன்று வாரம் அலைந்தேன். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் ரப்பர் பார்வைக்குப் புதிது போல இருந்தது. கழற்றி, கட்டைவிரலால் மடக்கியதும் உள்பக்கம் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. கழற்றாமல் பார்க்க வேண்டுமானால், ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பின் மேல் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். அது தீப்பிடிக்கும் சரக்கு. திறந்தவெளியில், சைலன்சர் சூடாகும் முன் செய்யுங்கள். ரப்பரும் நன்றாக இருந்தால் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. பட் பட் சத்தம் மட்டும் இருந்து ஐட்லிங் ஒழுங்காக இறங்கினால், சைலன்சர் பெண்ட் இன்ஜினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டையும் பாருங்கள்.

பாதி வரை நன்றாகப் போகிறது, முழுதாக முறுக்கினால் இழுவை இல்லை. எந்த ஜெட்டை மாற்றுவது சார்?

கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். எந்த வேகத்தில் கோளாறு என்பதைவிட ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது என்பதுதான் முக்கியம். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போடுங்கள். கால் வரை பைலட் ஜெட்டின் ஆட்சி, காலிலிருந்து முக்கால் வரை நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி), அதற்கு மேல் மெயின் ஜெட் (பெரிய பெட்ரோல் துளை). எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும்.

ஆளில்லாத சாலையில், கோளாறு வரும் அந்த இடத்திலேயே சோக்கைச் சற்று இழுங்கள். தெளிந்தால் லீன், இன்னும் மூச்சு முட்டினால் ரிச். நீடிலில்தான் பிரச்சினை என்றால் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டால் ஊசி உயர்ந்து ரிச் ஆகும். மேலே போட்டால் லீன்.

உங்கள் வண்டிக்கு மெயின் ஜெட் என்று தோன்றுகிறது. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று: முறுக்கிய உடனே இழுவை இல்லையா, இரண்டு நிமிடம் ஓடிய பிறகா? பிறகுதான் என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஜெட் மேல் பழி போடாதீர்கள்.

மிக்சர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் ரிச் என்று ஒருவர், லீன் என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே எடுத்தால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவையை அளக்கிறது, வெளியே எடுத்தால் ரிச். வண்டி நன்றாகச் சூடான பிறகு, மெதுவாக உள்ளே முட்டவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐட்லிங் அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே இறுக்கினால் கூர்முனை நசுங்கும், அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது.

ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். நான் ஒருமுறை குத்தினேன். ஜெட்டை மாற்றும் வரை வண்டி பெட்ரோலைக் குடித்தது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மலை ஏறினால் கரும்புகை, கீழே இறங்கினால் சரியாகிவிடுகிறது.

2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அதே அளவில் குறைவதில்லை, அதனால் ரிச். இரண்டு நாள் பயணம் என்றால் அப்படியே விடுங்கள். சின்ன ஜெட் போட்டுவிட்டு, மாற்ற மறந்து கீழே முழு வேகத்தில் ஓட்டி பிஸ்டனைக் கெடுத்தவர்கள் உண்டு.

சைலன்சரும் ஃபில்டரும் மாற்றினேன். பிளக் வெள்ளையாக இருக்கிறது.

வெளுத்த பிளக் லீனைக் காட்டலாம். ஆனால் ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். பீங்கானில் கொப்புளமோ பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். இல்லையென்றால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாகப் போட்டு மறுபடி பாருங்கள்.

மூன்று முறை கார்புரேட்டர் சர்வீஸ் செய்தாயிற்று. குளிரில் நன்றாக ஓடுகிறது, இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

இது கார்புரேட்டர் போலவே நடிக்கும் கரண்ட் கோளாறாக இருக்கலாம் தம்பி. ஒரு பழைய நல்ல பிளக்கைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற அந்த நொடியிலேயே, ஆறவிடாமல், பிளக் கேப்பை அதில் மாட்டி, ஹெட்டில் பிளக் இருக்கும் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உலோகத்தில் தொடவைத்து ஸ்டார்ட்டரை அடியுங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலையும், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் பிக்கப் காயிலையும் பாருங்கள், நான்காவது முறை ஜெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.