தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கறுப்புப் புள்ளியா?

கேள்வி: கிராமத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். வரும் ஜூன் முதல் பள்ளி முழுக்க ஒரே மாதிரியான நன்னடத்தைத் திட்டம் கொண்டுவரப் போகிறோம். மொத்தம் 14 விதிகள். கடைப்பிடித்தால் பலகையில் நட்சத்திரம், மீறினால் கறுப்புப் புள்ளி, மாதக் கடைசியில் பரிசு. ஆசிரியர்களில் பாதிப் பேர், பிரம்பைக் கைவிட்டதால்தான் இந்த நிலை என்கிறார்கள். சில பிள்ளைகளை எப்படியும் திருத்த முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பெல் அடித்த பிறகுதான் வருகிறான். கேட்டால், தங்கச்சியை அங்கன்வாடியில் விட்டுட்டு வர்றேன் என்கிறான். இவர்களையும் வைத்துக்கொண்டு திட்டத்தை எப்படி வெற்றிபெறச் செய்வது?
– ஒரு தலைமை ஆசிரியை

பதில்: உங்கள் 14 விதிகள் கிடக்கட்டும் டீச்சர். தங்கச்சியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறான் என்று எழுதிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறீர்களே, எப்படி மனசு வந்தது?

ஜூன் மாதம் அந்தப் பலகையில் அவன் பெயருக்கு நேரே தினம் ஒரு கறுப்புப் புள்ளி விழும். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தைக்கு முகம் கழுவி, தலை வாரி, தூக்கிக்கொண்டு போய், கதவு திறக்கும்வரை காத்திருந்து விட்டுவிட்டு ஓடிவருகிறான். அதற்குத்தான் அந்தப் புள்ளி. வந்தவனிடம் ஏன் லேட் என்று கேட்டீர்கள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டீர்களா? காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இவன் ஏழாவது.

அதற்காக அவனை மேடையேற்றிச் சால்வை போர்த்தவும் வேண்டாம். குழந்தையை அங்கன்வாடியில் விடுவது பெரியவர்கள் வேலை. அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவராக இருக்கலாம். சரி, அப்பா எங்கே? உங்கள் கடிதத்தில் அவரைக் காணோம். எனக்கு வரும் கடிதங்களில் அப்பாக்கள் பெரும்பாலும் இருப்பதே இல்லை. வீட்டில் ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவள் நான். ஆனால் பெரியவர்கள் கைகழுவிய பாரமெல்லாம் சின்னவன் தலையில் வந்து விழுந்தால் அதைக் குடும்பப் பொறுப்பு என்று மெச்ச என்னால் முடியாது.

இனி திட்டம். பள்ளி முழுவதும் சேர்ந்து நல்ல நடத்தையை வளர்க்கும் முறை 1990-களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மூன்று முதல் ஐந்து எதிர்பார்ப்புகளுக்கு மேல் அதில் வைப்பதில்லை. 14 விதி உங்களுக்கே மனப்பாடமாக இருக்காது. ஓடாதே, கத்தாதே என்று பட்டியல் போடாமல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதையும் கணக்குப் பாடம்போலச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சத்துணவு வரிசையில் நிற்பதை வரிசையிலேயே, தட்டு கழுவுவதைக் குழாயடியிலேயே செய்துகாட்டுங்கள். சமையல் அம்மாவும் துப்புரவுப் பணியாளரும் உங்கள் கூட்டத்தில் இருந்தார்களா? குழாயடியில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் தகராறு வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். தினமும் குழாயடியில்தான் தள்ளுமுள்ளு என்றால், பிள்ளைகளின் ஒழுக்கத்தை ஆராய்வதற்கு முன் குழாய்களை எண்ணுங்கள். இருநூறு பேருக்கு மூன்று குழாய் இருந்தால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பொது ஏற்பாடே போதும். கொஞ்சம் பேருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்றிரண்டு பேருக்குத் தனித்தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். திருத்த முடியாதவர்கள் என்று நீங்கள் ஒதுக்கிவைத்தவர்கள் அந்த ஒன்றிரண்டு பேர்தான். நட்சத்திரப் போட்டியில் முதல் வாரமே தோற்றுப்போகிறவன் அப்புறம் எதற்காக முயற்சி செய்வான்?

பரிசு ஆசையும் ஓர் அளவோடுதான். 1973-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படம் வரைவதில் இஷ்டமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளுக்குத் தாமாக வரையும் ஆர்வம் குறைந்துபோனது. ஒரு பிள்ளை நல்லது செய்தால், என்ன செய்தது என்பதைப் பெயரைச் சொல்லி அங்கேயே பாராட்டுங்கள். நட்சத்திரம் வாங்கும் காசில் ஒரு குழாய் போடலாம்.

பிரம்பு கேட்பவர்களோடு விவாதம் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படிக்கக் கொடுங்கள். அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் அது தடைசெய்கிறது. ஊரே பார்க்கும் பலகையில் கறுப்புப் புள்ளி வைப்பது எதில் சேரும் என்று நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கும் உங்கள் பெல்லுக்கும் உள்ள இடைவெளியைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதற்கு முன் அந்தப் பையனின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடாதீர்கள். அவருக்கு ஒரு நாள் கூலி போகும், அழுதுவிட்டுப் போவார், மறுநாளும் இவன்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான். அப்பா இல்லாத வீடு என்றால், அவனுக்குத் தினமும் விட்டுப்போகும் பாடத்தை மதிய இடைவேளையில் எந்த ஆசிரியர் சொல்லித்தருவது என்று இந்த வாரமே முடிவுசெய்யுங்கள்.