கெஞ்சுவதற்கு முன்னால் நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் போய் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் 90 வேலை நாளில் 59 நாள்தான் வந்திருக்கிறேன், 65.6 சதவீதம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்ததால் 14 நாள் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மீன்துறை ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போனேன். அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் எனக்கு டெங்கு வந்து 10 நாள், கல்லூரி அணியில் கபடிப் போட்டிக்குப் போனது 5 நாள், மழைக்குக் கலெக்டர் லீவு விட்டது 2 நாள். 75 சதவீதம் வேண்டும், 70-க்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டினால் போதும், 60-லிருந்து 70-க்குள் என்றால் மருத்துவச் சான்றிதழும் வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. என் சான்றிதழ் 10 நாளுக்கு மட்டும்தான், அதையும் தாமதமாகக் கொடுத்தேன் என்று சொல்லி ஹால் டிக்கெட் இல்லை என்கிறார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் உங்கள் 31 நாளையும் பிரித்து எண்ண வேண்டும். கடிதத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். கல்லூரியும் அப்படியேதான் எண்ணியிருக்கிறது. தவறு அங்கேதான் நடந்திருக்கிறது.

கபடிக்குப் போன 5 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது விடுப்பே இல்லை. கல்லூரி அனுப்பித்தான் போனீர்கள். மாணவர்கள் ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று சொல்வது இதைத்தான். அந்த நாட்களை வந்த நாட்களாகவே எழுத வேண்டும். போட்டிக்கு அணியை அனுப்பும்போது ஒவ்வொருவரும் இந்தக் கல்லூரி மாணவிதான் என்று சான்று சொல்லும் படிவத்தில் முதல்வர் கையெழுத்துப் போட்டிருப்பார். உடற்கல்வி இயக்குநரிடம் அதன் நகல் இருக்கும். உங்களை அனுப்பிக் கையெழுத்திட்ட அதே அலுவலகம் அந்த 5 நாளுக்கு 'ஆப்சென்ட்' போட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் ஓ.டி. பட்டியல் விளையாட்டுத் துறையிலிருந்து உங்கள் துறைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். நான் பார்த்த இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கு மேல் இந்தத் தாள் இடையில் எங்கோ நின்றுபோனதுதான் காரணம்.

இந்த ஐந்தைச் சேர்த்தால் 64. 90-க்கு 64 என்றால் 71.1 சதவீதம். கவனித்தீர்களா? 70-ஐத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் கையேட்டின்படி இனி மருத்துவச் சான்றிதழே தேவையில்லை. கட்டணம் கட்டி விண்ணப்பம் கொடுத்தால் போதும். தாமதமாகக் கொடுத்தீர்கள், 10 நாளுக்குத்தான் இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மழைக்கு லீவு விட்ட 2 நாள் வேறு மாதிரி. புயல் கூண்டு ஏற்றினாலே நம் பக்கம் பஸ் ஓடுமா ஓடாதா என்ற கவலை வந்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டப்படி பார்க்க வேண்டியது கலெக்டர் அறிவிப்பில் உள்ள ஒரு சொல்லைத்தான். சில நாள் 'பள்ளிகளுக்கு' மட்டும் விடுமுறை என்று வரும். சில நாள் 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்று வரும். உங்கள் இரண்டு நாளிலும் கல்லூரி என்ற சொல் இருந்தால் அவை வேலை நாளே அல்ல. மொத்தம் 88 ஆகிவிடும், உங்களுக்கு 72.7 சதவீதம் வரும். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு நடத்தியிருந்தால் அந்தச் சனிக்கிழமைகளில் நீங்கள் போனீர்களா என்றும் பாருங்கள். இந்த வாதம் தோற்றாலும் நஷ்டமில்லை, கபடி நாட்களே உங்களை 70-க்கு மேல் நிறுத்திவிடும்.

டெங்கு நாட்களைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. மருத்துவ விடுப்பு என்றால் வந்ததாக எண்ணுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது வராத நாள்தான், குறைந்த சதவீதத்தை மன்னிக்க ஒரு காரணம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். மீதி நாட்களுக்கும் சேர்த்து யாராவது ஒரு கிளினிக்கில் சான்றிதழ் 'வாங்கித் தருகிறேன்' என்று சொன்னால் தயவுசெய்து கிட்டேயே போகாதீர்கள். பொய் ஆவணம் உண்டாக்குவதும் அதை உண்மை என்று காட்டுவதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளில் குற்றம். ஒரு செமஸ்டர் போனால் திரும்பப் படிக்கலாம், ஒரு கிரிமினல் வழக்கு உங்கள் வேலை வாய்ப்பு வரைக்கும் பின்னாலேயே வரும்.

அப்பாவுக்காகப் போன அந்த 14 நாள்தான் எனக்கு மனதில் நிற்கிறது. இலங்கையின் மன்னார் கோர்ட்டில் காவலை நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வீட்டில் ஒரு பெண் எப்படி உட்கார்ந்து அக்கவுண்டன்சி படிக்க முடியும்? ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரணத்துக்கு விலக்கு உண்டு என்று விதிப் புத்தகங்களில் எழுதி நான் பார்த்ததில்லை. இது சலுகை கேட்கும் இடம், முதல்வர் மனது வைக்க வேண்டும். அதனால் ஆதாரத்தோடு கேளுங்கள். படகின் பதிவு எண்ணும் அப்பா பெயரும் உள்ள மீன்துறைப் பட்டியல், கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவுக்கான ரசீது, சிறைப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினப்படி உதவி வந்திருந்தால் அந்தத் தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் நான் போனேன் என்ற அந்த வாக்கியத்தையும் கட்டாயம் எழுதுங்கள். மன்னிப்பு விண்ணப்பத்தைப் படிப்பவரும் மனிதர்தான்.

இனி செய்ய வேண்டியது. முதல்வருக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம். முதல் பத்தியில் கணக்குத் திருத்தம், இரண்டாவதில் கட்டணம் கட்டி விலக்குக் கோருதல், கடைசியில் அப்பா விஷயம். வரிசையை மாற்றாதீர்கள். உரிமையாகக் கேட்க வேண்டியதை அழுது கேட்டால் அதுவும் சலுகையாகிவிடும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தின் நகல் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் போகட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு 30 நாள் ஆகும், உங்களிடம் இருப்பது மூன்று வாரம்.

கூடவே கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிலும் ஒரு மனு கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நாளையே கொடுத்தால்தான் தேர்வுக்கு முன் பதில் வரும்.

ஒரு வாரத்தில் பதில் இல்லை, அல்லது கணக்கைப் பார்க்காமலே மறுத்துவிட்டார்கள் என்றால், அப்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியல் சாசனப் பிரிவு 226-ன் கீழ் ரிட் மனு போடலாம். வருகை சதவீதத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் நீதிபதிகள் பொதுவாகத் தலையிட மாட்டார்கள், அது கல்வி நிறுவனத்தின் வேலை என்பார்கள். சட்டக் கல்லூரி மாணவர்களை வருகைக் குறைவுக்காகத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னதை உங்களுக்கு யாராவது அனுப்பியிருக்கலாம். அது சட்டப் படிப்பைப் பற்றியது, பி.காமுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஆனால் 'என் நாட்களைத் தவறாக எண்ணினார்கள், கடிதம் கொடுத்தும் பார்க்கவில்லை' என்பது வேறு வழக்கு. அதற்குக் காது கொடுப்பார்கள்.

நேரம் முக்கியம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் தேர்வுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு என்னிடம் வந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, கையில் ஒரு முத்திரை போட்ட நகல்கூட இல்லை. அடுத்த நாள் காலைத் தேர்வு அவரில்லாமலே நடந்து முடிந்தது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போவதற்கு முன் 15100 என்ற எண்ணில் பேசலாம். வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலையாதீர்கள். நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்து, முத்திரை போட்ட அந்த நகலோடு கொண்டு போனால் போதும்.