வாசகர் கேள்வி: எழும்பூரில் பார்த்த ரோமானிய வெள்ளிக்காசு

கேள்வி: எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பார்த்தேன். ஒரு சாதாரண ரோமானியரால் அந்தக் காசைக் கொண்டு என்ன வாங்க முடிந்திருக்கும்? நம் நாட்டு மிளகு அவருக்கு எட்டியதா, அல்லது அது செல்வந்தர் வீடுகளோடு நின்றுவிட்டதா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: தமிழகத்தில், சிறப்பாகக் கோவை வட்டாரத்தில், புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்கள் வெளியிட்ட தெனாரியங்கள். மத்தேயு நற்செய்தியில், திராட்சைத் தோட்டத்துக் கூலியாள்களுக்கு ஒரு நாளைக்குப் பேசப்படும் கூலியும் ஒரு தெனாரியமே. ஆகவே நீங்கள் பார்த்த காசு ஒவ்வொன்றையும் ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் கூலி என்றே கொள்ளலாம்.

ஒரு தெனாரியத்துக்கு 16 செப்புக்காசுகள். கடைத்தெருவில் அன்றாடம் கைமாறியவை இவைதாம். இத்தாலியின் பொம்பெயி நகரத்து மதுக்கடைச் சுவரொன்றில், ஒரு செப்புக்காசுக்குச் சாதாரண மது, இரண்டு காசுக்கு அதைவிட நல்லது, நான்கு காசுக்கு ஃபலேர்னியன் என்னும் உயர்ந்த மது என்று விலை எழுதப்பட்டிருந்தது. ரோம் நகரத்து ஏழைகள் பலமாடிக் குடியிருப்புகளின் மேல்தளங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அந்த அறைகளில் பெரும்பாலும் சமையலறை இராது என்பதால், உங்கள் பகுதியின் மேன்ஷன்களில் தங்கியிருப்போர் மெஸ்ஸை நம்பியிருப்பதைப் போலவே, அவர்களும் தெருவோர உணவுக்கடைகளை நம்பியிருந்தனர். அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 2,00,000 பேருக்கு அரசு மாதந்தோறும் இலவசமாகத் தானியம் அளந்தது. ஏழ்மை அதற்குத் தகுதியாகக் கருதப்படவில்லை. ஆண் குடிமகனாக இருப்பதே தகுதி. வீட்டிலும் வயலிலும் சுரங்கத்திலும் உழைத்த அடிமைகளுக்கு அதில் ஒரு படிகூடக் கிடையாது என்பதை, ரோமின் தாராளத்தைப் புகழ்வோர் மறந்துவிடலாகாது.

இனி மிளகு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, கருமிளகு ஒரு பவுண்டு 4 தெனாரியம் என்று குறித்திருக்கிறார். ரோமானியப் பவுண்டு ஏறத்தாழ 327 கிராம். அதாவது, கால் கிலோவுக்குச் சற்று மிகுந்த மிளகுக்கு நான்கு நாள் கூலி. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மிளகு செல்வந்தர்களுக்கே உரியது என்று தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது சில மணிகளே அல்லவா? பிரிட்டனின் வட எல்லையில் இருந்த விண்டோலாண்டா கோட்டையில், ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த மரப்பலகைக் கணக்குகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், கம்பாக்ஸ் என்னும் படைவீரர் ஒருவரின் பெயரில் 2 தெனாரியத்துக்கு மிளகு எழுதப்பட்டிருக்கிறது. அவர் தளபதி அல்லர். துணைப்படையில் பணியாற்றிய சாதாரண வீரர்.