விரால் கண்மாய்க்கு எந்த லூர்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் 899 ரூபாய்க்கு நூறு பீஸ் ‘பாஸ் லூர்’ (தூண்டிலில் மாட்டும் பொய் இரை) செட் வாங்கினேன். எங்கள் கண்மாயில் ஒரு விரால்கூடத் தொடவில்லை. (மேலூர்)

பதில்: எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பாஸ் வட அமெரிக்க மீன். அங்கே ஆழத்துக்கு இறங்குவதற்காக முகத்தில் நீளத் தகடு வைத்த லூரை, இடுப்பளவுத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் கிடக்கிற கண்மாயில் இழுத்தால் பாசிதான் வரும். நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கினேன், இரண்டே மாதத்தில் தூண்டில் முள்ளெல்லாம் துரு. தவளை உருவில் செய்த நல்ல லூர் இரண்டு போதும்.

கேள்வி: கோடையில் நன்றாக அடித்த பச்சைத் தவளையை மழைக்கு அப்புறம் மீன் சீந்தவே இல்லை. கடைக்காரர் ‘மழை சீசன் லூர்’ என்று 650 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? (திருமங்கலம்)

பதில்: அந்தப் பெயரில் தனியாக ஒரு லூர் வகை கிடையாது, வாங்காதீர்கள். ஐப்பசி மழையில் கண்மாய் செம்மண் நிறத்துக்குக் கலங்கிவிட்டால் மீனுக்குக் கண் உதவாது, உடம்பின் பக்கவாட்டுக் கோட்டில் தண்ணீரின் அதிர்வை உணர்ந்துதான் இரையைத் தேடும். அதனால் கலங்கல் தண்ணீருக்குக் கறுப்புத் தவளை, இல்லையென்றால் வட்டத் தகடு சுழலும் ஸ்பின்னர், இரண்டையும் மெதுவாக இழுங்கள். தெளிந்த பிறகு பழையபடி பச்சையும் பழுப்பும். உச்சி வெயிலில் நடுத் தண்ணீரை விட்டுவிட்டு நிழலிலும் பாசி ஓரத்திலும் போடுங்கள். விரால் மூச்சு வாங்க மேலே வரும், அது வந்து போன இடத்தின் தலைமேலேயே போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டு இழுத்து வாருங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தத் தாயை விட்டுவிடுங்கள்.

தவளை வாங்கும்போது கடையிலேயே இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். உடம்பு அமுங்கி முள் முனை இரண்டும் வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் மீன் கவ்வினாலும் மாட்டாது, அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாக்கெட் இல்லாமல் அளந்து தரும் தங்கூஸ் (தூண்டில் நைலான் நரம்பு) வாங்கலாமா? (வாடிப்பட்டி)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கல்லூரி மாணவன். பகுதிநேர வேலை செய்து சேர்த்த 2,400 ரூபாயில் ஆன்லைனில் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் வாங்கினேன். பத்தாம் நாள் உள்ளே பல்சக்கரம் கடகடவென்று அரைபட்டு நின்றுவிட்டது. ‘7 நாள் ரிட்டர்ன் முடிந்தது’ என்கிறார்கள். (சோழவந்தான்)

பதில்: தம்பி, உங்கள் மேல் தவறே இல்லை. ரிட்டர்ன் நாள் முடிந்தது என்பது அவர்கள் எழுதி வைத்த விதி, குறையுள்ள பொருளுக்கு அது கேடயம் ஆகாது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. ரீல் சுற்றும் சத்தத்தை இன்றைக்கே வீடியோ எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எனக்குத் தீராத ஆத்திரம். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்ல ஒரு எண், இவ்வளவும் பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும். மீன்பிடிச் சாமான் விற்கும் எத்தனை கடைகளில் வெறும் பாலித்தீன் உறை! கேட்டால் ‘இம்போர்ட்டட் சார்’ என்கிறார்கள். இறக்குமதி என்றால்தான் இறக்கியவர் பெயர் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் காசு சேர்த்து வாங்குகிற பொருளில் இப்படிச் செய்வதை நான் சும்மா விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள்.

கேள்வி: பில் வாங்கவில்லை, கடைப் பெயர் நினைவில்லை, 3,000 ரூபாய் தூண்டில் ராடு உடைந்துவிட்டது. பணம் கிடைக்குமா? (உசிலம்பட்டி)

பதில்: யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள், கடைப் பெயர் அதில் இருக்கும். ரொக்கம் என்றால் வழி இல்லை. பில் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது, இதை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ரப்பர் புழு லூர்கள் பெட்டியோடு உருகி ஒட்டிக்கொண்டன. மட்டமான சரக்கா? (அலங்காநல்லூர்)

பதில்: இல்லை. மென்மையான ரப்பரில் இருக்கும் எண்ணெய் கடினமான பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் பெட்டியில் நான்கு புழுக்கள் பக்கத்தில் இருந்த மர நிற லூரின் பெயின்டையும் இழுத்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன. வந்த உறையிலேயே வையுங்கள், ஒரு நிறத்தை இன்னொன்றோடு கலக்காதீர்கள், வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் விடாதீர்கள்.