கிளம்பும் நேரத்து அழுகை: அங்கன்வாடி ஆசிரியை பதில்கள்

திருவையாற்றுத் தாய்: மகனுக்கு இரண்டரை வயது. கல்லணைப் பூங்காவில் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று முன்கூட்டியே சொல்லியும், கிளம்பும்போது தரையில் உருண்டு அழுகிறான்.

பதில்: அஞ்சு நிமிஷம் என்பது அந்த வயதுக்குப் புரியாதும்மா. கண்ணுக்குத் தெரிகிற கணக்காகச் சொல்லுங்கள்: "இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் செருப்பு." அவன் சறுக்கி வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்கிக் காட்டுங்கள். மூன்றாவது முடிந்ததும் எழுந்துவிடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று நாலாவதுக்கு விட்டால், அடுத்த முறை உங்கள் மூணுக்கு மதிப்பிருக்காது. தண்ணீர் பாட்டிலை வண்டி வரை தூக்கி வருவது அவன் வேலை என்று கொடுத்துவிடுங்கள். போகும் வழியில் மதகுக்கு ஒரு டாட்டா, ஆற்றுக்கு ஒரு டாட்டா. அப்படியும் கொஞ்சம் அழுவான். பிடித்த இடத்தை விட்டு வருகிற வருத்தம் அது, அடம் இல்லை.

சீர்காழித் தாத்தா: பூம்புகார் கடற்கரையில் மூன்று வயதுப் பேத்தி மணலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "போலீஸ் பிடிச்சுக்கும்" என்றால்தான் வருகிறாள்.

பதில்: அதை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா. நாளைக்குத் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப் போனால் அவள் போய் நிற்க வேண்டியதே அந்தப் போலீஸிடம்தான். உள்ளதைச் சொல்லுங்கள்: இருட்டப் போகிறது, வீட்டில் அம்மா காத்திருக்கிறாள். பிடித்த கிளிஞ்சல் இரண்டை அவளே பொறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கும்பகோணத் தந்தை: பதினெட்டாம் பெருக்கன்று சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்த மகன், திரும்ப மாட்டேன் என்று படித்துறையிலேயே கத்தினான். எல்லாரும் பார்த்தார்கள், இரண்டு அடி போட்டுவிட்டேன்.

பதில்: அடி வேண்டாம் தம்பி. தண்ணீர் ஓரத்தில் பேச்சும் வேண்டாம். முதலில் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் குந்தி, "இன்னும் இருக்கணும்னு ஆசையா இருக்கு, இல்ல?" என்று ஒரு தடவை கேளுங்கள். விசும்பல் அடங்கட்டும். அப்புறம் சப்பரக் கயிற்றை அவன் கையிலேயே கொடுங்கள், வீடு வரை இழுத்து வரட்டும்.

மன்னார்குடித் தாய்: கடைத்தெருவில் அழுகிற மகன், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றால் உடனே கிளம்புகிறான். பழக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், அழுதால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று ஆகிவிடும். பாதி நேரம் அந்த அழுகைக்குக் காரணம் பசிதான். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே வாழைப்பழமோ இட்லியோ ஊட்டிவிடுங்கள். மதியம் தூங்காத பிள்ளையை சாயங்காலக் கடைத்தெருவில் ரொம்ப நேரம் நிறுத்தாதீர்கள்.